இடி விழுந்த வீட்டை எட்டி நின்று பார்த்தவர்

ஓவர்சியர் ராஜமாணிக்கம் பொய் சொல்கிறார்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. மூன்று வாரத்துக்கு முன் இந்தத் தொடரில், போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் இடி விழுந்து எரிந்துபோன ஒரு குவார்ட்டர்ஸைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். யார் பெயரையும் சொல்லவில்லை. போன இதழில் அவருடைய கடிதம் வந்திருக்கிறது. ரிட்டயராகி மெயின்லேண்டில் மகன் வீட்டில் இருக்கிறாராம். எழுதுகிறார்: “அந்த வீடு இடியால் எரியவில்லை. வீட்டுக்காரப் பெண்ணின் அசட்டையால் எரிந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்தது. அன்று காலை நானே நேரில் பரிசோதித்து, வீடு நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். ரிப்போர்ட்டும் இருக்கிறது.”

நேரில் பரிசோதித்தாராம். அந்த வீட்டுக்கு ஆறு மரப்படிகள். அன்று ஆறில் ஒன்றில்கூட அவர் பூட்ஸ் படவில்லை. ஜீப்புக்கும் முதல் படிக்கும் நடுவில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சந்தையில் மாடு வாங்குகிறவன்கூட அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான்.

இரண்டு வரியில் விட்டது என் தப்பு. இந்த வாரம் முழுதாக எழுதுகிறேன்.

தகரம் கிழிந்த சத்தம்

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடைக் கடைசி. நாலு மாதமாக மழை இல்லை. குவார்ட்டர்ஸ் பலகைகள் காய்ந்து சுருங்கி, இரண்டு பலகைக்கு நடுவில் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்து கிடந்தன. நான் அப்போது தற்காலிக வயர்மேன். தனிக்கட்டை. சரிவில் இரண்டு வீடு கீழே ஒரு ஒற்றை அறையில் இருந்தேன். மேலே சுப்பையாவின் வீடு. அவர் ஆபீஸ் கிளார்க். அவர் மனைவி செல்லக்கனி, தூத்துக்குடிப் பக்கம். அவர்களுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை.

காலை ஏழரை இருக்கும். துறைமுகத்துப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை வருகிறது என்ற சந்தோஷத்தில் மலை முழுக்க ஜனங்கள் குடத்தையும் வாளியையும் கூரைத் தகரத்துக்குக் கீழே இழுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது விழுந்தது.

அது இடிச்சத்தம் மாதிரியே இல்லை. யாரோ கூரைத் தகரத்தை ஒரே இழுப்பில் கிழித்த மாதிரி இருந்தது. பல் கூசியது. டீ கிளாஸ் என் கையில்தான் இருந்தது, டீ என் சட்டையில் இருந்தது. பிறகு ஒரு வாடை வந்தது. ஒரு தீப்பெட்டியின் குச்சிகள் முழுவதையும் சேர்த்துக் கொளுத்தினால் வரும் வாடை. ஒரு தரம் முகர்ந்தவன் மறக்க மாட்டான்.

மேலே ஓடினேன். செல்லக்கனி அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

“தம்பி, காது கேக்கல! ஒண்ணுமே கேக்கல தம்பி!”

உள்ளே சுப்பையா ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன் பின்பக்க அட்டை கருகியிருந்தது.

“போச்சுய்யா. வால்வு பூரா போச்சு” என்றார்.

பெண்டாட்டிக்குக் காது கேட்கவில்லை, பிள்ளை வீறிடுகிறது, மனுஷன் வால்வுக்கு அழுகிறார்.

நான் முதலில் செய்தது, மெயின் ஸ்விட்சைக் காய்ந்த கட்டையால் தட்டி இறக்கியது. இரண்டாவது, சமையல் மூலையில் இருந்த மண்ணெண்ணெய் டின்னையும் ஸ்டவ்வையும் தூக்கிக்கொண்டு போய் என் அறை வாசலில் வைத்தது. இடி விழுந்த வீட்டில் நெருப்பு எங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது என்று உடனே தெரியாது. தெரியும்வரை எரிகிற சாமான் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது.

அது பித்தளை ஸ்டவ். அக்காவுக்குக் கல்யாணத்தின்போது பிறந்த வீட்டில் கொடுத்தது. எண்ணெய் ஊற்றும் வயிற்றில் ‘செ.கனி’ என்று பெயர் வெட்டியிருக்கும். பெயர் வெட்டாத பாத்திரத்தோடு நம் ஆட்கள் கப்பல் ஏற மாட்டார்கள். அந்த வீட்டில் வேறு ஸ்டவ் கிடையாது. ஸ்டவ் இருந்த இடம் என் வாசல் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரம்மில் விட்ட எர்த்

மலையில் இத்தனை வீடு இருக்க, இடி ஏன் அங்கே விழுந்தது? ரேடியோவால்.

அந்தக் காலத்தில் கப்பல் வந்தால்தான் கடிதம், பேப்பர். கப்பல் எப்போது வரும் என்பது கப்பலுக்கே தெரியாது. ஊரில் நாலு பக்கமும் இந்தி, வங்காளம், தெலுங்கு. வீட்டுக்கு வெளியே தமிழில் ஒரு குரல் கேட்க வேண்டும் என்றால் கொழும்பு ரேடியோப் பாட்டு ஒன்றுதான். அது கரகரப்பில்லாமல் விழ, ஒவ்வொருவனும் பக்கத்து வீட்டானைவிட ஒரு முழம் உயரமாக ஏரியல் கட்டினான். சுப்பையா எல்லோரையும் தோற்கடித்தார். கூரை முகட்டிலேயே மூங்கிலைக் கட்டினார். மலைச் சரிவில் வீடு, வீட்டின் மேல் தகரம், தகரத்தின் மேல் மூங்கில், மூங்கிலின் உச்சியில் செம்புக் கம்பி. இடிக்கு இதைவிட மரியாதையாக அழைப்பு வைக்க முடியாது.

ஏரியலில் இறங்கும் மின்சாரம் மண்ணுக்குள் போய்விட எர்த் வேண்டும். எர்த் என்றால் மண்ணில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குழாயை இறக்கி, கோடையில் தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். போர்ட் பிளேரில் கோடையில் குடிக்கவே தண்ணீர் கிடையாது. குழாயில் அரைமணி நேரம் வரும், அதற்குள் இரண்டு சண்டை நடக்கும். அந்தத் தண்ணீரை எவன் மண்ணில் ஊற்றுவான்? அதனால் நம் அறிவாளிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எர்த் கம்பியைத் தண்ணீர் டிரம்முக்குள் விட்டுவிடுவது. ஈரம்தானே வேண்டும், டிரம் நிறைய ஈரம். அந்த டிரம் பலகை மேல் இருந்தது. பலகை செங்கல் மேல் இருந்தது. மண்ணுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நான் சொன்னேன். “அண்ணாச்சி, இது எர்த்தே இல்ல. கம்பிய மண்ணுல இறக்குங்க.”

“ஓவர்சியரே பாத்துட்டு சரின்னுட்டாரு. நீ என்ன, அவருக்கு மேலயா?”

ஓவர்சியர் பார்த்தது உண்மை. ராஜமாணிக்கம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த வீட்டு ஈசிச்சேரில் சாய்ந்து பாட்டுக் கேட்பவர். டிரம்முக்குள் எட்டிப் பார்த்து, “தண்ணி இருக்குல்ல? அதான் எர்த்து” என்று அவர் தீர்ப்புச் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். சர்க்கார் கூரையில் ஏரியல் கட்ட அனுமதி வாங்க வேண்டும். சுப்பையா வாங்கவில்லை. ஓவர்சியர் கேட்கவில்லை. பாட்டு நன்றாக விழுந்தது, அவருக்கு அது போதும்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். குவார்ட்டர்ஸ் சுவர் இரட்டைப் பலகை. வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை, நடுவில் நாலு விரல் சந்து. சந்தில் பூரான் குடியிருக்கும். இந்தத் தீவுப் பூரான் ஒரு சாண் நீளம். கடித்தால் மூன்று நாள் கை வீங்கிக் கிடக்கும். அதற்குப் பயந்து எல்லா வீட்டிலும் சந்தில் தேங்காய் நாரைத் திணித்து வைப்பார்கள். தேங்காய்க்குப் பஞ்சமில்லாத ஊர், நாருக்கா பஞ்சம்? சுப்பையாவின் எர்த் கம்பி வடக்குச் சுவரைத் துளைத்து, அந்த நாருக்கு நடுவே புகுந்து, வெளியே டிரம்முக்குப் போனது.

உள்ளங்கை

விஷயம் தெரியாதவர்கள் இடி விழுந்த வீட்டில் கூரையைத்தான் பார்ப்பார்கள். கூரையில் ஓட்டை இல்லை என்றால் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். நான் இப்போது இருக்கும் கராச்சர்மாவில்கூட, சில வருஷம் கழித்து, ஒரு வீட்டில் இடி இறங்கியது. போய்ப் பார்த்தால் வாசலில் கற்பூரம், எலுமிச்சம்பழம், மிளகாய், எல்லாம் தயார். முற்றத்தில் அரிவாளும் மண்வெட்டியும் கிடந்தன. இரும்பை வெளியே வீசினால் இடி அதில் விழுந்துவிட்டு வீட்டை விட்டுவிடுமாம். இடி விழுந்த பிறகு வீசியிருக்கிறார்கள். “சுவரைத் தொட்டுப் பாத்தீங்களா?” என்று கேட்டேன். ஒருவரும் தொடவில்லை.

இடி வந்த வழியையும் போன வழியையும் தேட வேண்டும். அன்று மரைன் ஹில்லில் நான் தேடினேன். மூங்கில் கணுவுக்குக் கணு பிளந்து துடைப்பம் மாதிரி நின்றது. ஏரியல் கம்பியைக் காணோம். தகரத்தில் அது தொங்கிய இடத்துக்கு நேரே ஒரு கறுப்புக் கோடு மட்டும் இருந்தது. தகரத்து ஆணிகள் நாலைந்து அரை அங்குலம் மேலே எழும்பியிருந்தன. மூலைத் தூணில் உச்சியிலிருந்து அடிவரை விரல் அகலத்துக்கு ஒரு சிம்பு உரிந்து தனியாக விழுந்து கிடந்தது. மரத்துக்குள் இருக்கும் கொஞ்ச ஈரமும் ஒரே நொடியில் ஆவியானால் மரம் அப்படித்தான் உரியும். ஃபியூஸ் கட்டைப் பீங்கான் தூளாகி எதிர்ச் சுவரில் குத்தியிருந்தது. டிரம்மின் அடியில் ஊசி அளவுக்கு ஒரு துளை, தண்ணீர் மூத்திரம் போல ஒழுகிக்கொண்டிருந்தது. எர்த் கம்பி சுவருக்குள் நுழையும் ஓட்டையைச் சுற்றிக் கரி.

வந்த வழி தெரிந்தது. போன வழி தெரிந்தது. நடுவில் சுவருக்குள் என்ன ஆயிற்று என்பது தெரியவில்லை. அதற்குக் கண் உதவாது. உள்ளங்கையை வைத்துப் பலகை பலகையாகத் தடவ வேண்டும். சூடு தெரிகிற இடத்தில் பலகையைப் பேர்க்க வேண்டும். உள்ளே இருப்பதை வாரி வெளியே போட்டு, தண்ணீர் ஊற்ற வேண்டும். மறுநாள் காலைவரை அங்கே ஒருவரும் படுக்கக் கூடாது. ஒரு ஆள் உட்கார்ந்து காவல் இருக்க வேண்டும். இவ்வளவுதான். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

வேண்டாம் என்பதற்குச் சாட்சி எத்வா. ராஞ்சிக்காரன். காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்துவிட்டு எங்களிடம் கூலிக்கு வந்தவன். கீழே செய்தி கேட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் கூரையில் இருந்தபோது அவன் வடக்குச் சுவரில் கையை வைத்தான். எடுத்தான். மறுபடியும் வைத்தான்.

“பாபு, தக்தா கரம் ஹை. அந்தர் ஆக் ஹை” என்றான். பலகை சூடாக இருக்கிறது, உள்ளே நெருப்பு இருக்கிறது.

இறங்கி வந்து நானும் வைத்தேன். சோறு வடித்து இறக்கிய பானையை அரைமணி கழித்துத் தொட்டால் இருக்குமே, அந்தச் சூடு. புகை இல்லை. பதினைந்து நிமிஷம் பெய்துவிட்டு மழை அதற்குள் போய்விட்டிருந்தது.

கடப்பாறையை எடுத்தேன். அப்போதுதான் ஜீப் வந்தது.

பாய் கடைக் கயிறு

ஓவர்சியரைக் கூட்டிவரப் போயிருந்த சுப்பையா முன்னால் குதித்தார். பின்னால் ராஜமாணிக்கம் இறங்கினார். மணி பத்து. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

“ஓட்டை ஒண்ணும் இல்லையே?”

“சார், கூரைய விடுங்க. சுவரு சூடா இருக்கு. ஒரு பலகையப் பேத்துப் பாக்கணும்.”

“வெயில் காலத்துல சுவரு சூடா இல்லாம ஐஸ்கட்டி மாதிரியா இருக்கும்?”

“வடக்குச் சுவரு சார். வெயிலே படாது. மழை வேற பெஞ்சிருக்கு.”

“ஏய், நீ எனக்குத் திசை சொல்லித் தர்றியா?”

எத்வா கையைக் கட்டிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தான். “சாப், ஏக் பார் ஹாத் லகாகே தேக்கியே.” ஒரே ஒரு தரம் கை வைத்துப் பாருங்கள் என்றான். கெஞ்சித்தான் சொன்னான்.

“சல், சல். ஜியாதா பாத் மத் கர்.” போ, அதிகம் பேசாதே என்று அவனை ஈ ஓட்டுவது போல ஓட்டிவிட்டு என்னிடம் திரும்பினார். “கடப்பாறையக் கீழ போடு. அது சர்க்கார் பலகை. எழுத்துல ஆர்டர் இல்லாம ஒரு ஆணி கழண்டா நாளைக்கு உனக்கு வேலை கிடையாது. நீ இன்னும் டெம்ப்ரவரி. ஞாபகம் இருக்கட்டும்.”

“விடுய்யா” என்றார் சுப்பையா. “ரேடியோ போன வயித்தெரிச்சல்ல இருக்கேன். நீ வேற வீட்டப் பிரிச்சுப் போடாத.”

நான் கடப்பாறையைக் கீழே போட்டேன்.

அக்காவுக்கு அதற்குள் வலது காது கொஞ்சம் திறந்திருந்தது. ஓவர்சியர் அவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: “ஒண்ணும் இல்லம்மா. வீடு நல்லா இருக்கு. உள்ள போயி அடுப்பப் பத்த வச்சு, அண்ணாச்சிக்கு ஒரு காப்பி போட்டுக் குடு.”

“அடுப்பு எங்க சார் இருக்கு? ஸ்டவ்வையும் எண்ணெயையும் தம்பி தூக்கிட்டுப் போயி அவரு வாசல்ல வச்சிருக்காரு.”

“அப்ப இன்னைக்கி ஓட்டல் சாப்பாடுன்னு சொல்லு” என்று சொல்லிச் சிரித்தார். சுப்பையாவும் சிரித்தார்.

இந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. ராஜமாணிக்கம் மறந்துவிட்டாரா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

சுப்பையாவோடு என்னையும் எத்வாவையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலை இறங்கினார். அபர்தீன் பஜாரில் பாய் கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். அங்கே தூணில் ஒரு கயிறு தொங்கும். காலையில் நுனியில் பற்றவைத்தால் கடை மூடும்வரை அது கனன்றுகொண்டே இருக்கும். ஊரே அதில்தான் பீடி பற்றவைக்கும். ராஜமாணிக்கம் குனிந்து, கயிற்றை ஊதி, சிகரெட்டைப் பற்றவைத்தார். ஒரு நாளைக்கு நாலு தரம், வருஷக்கணக்காக, அதே கயிற்றில். அந்தக் கயிறு எதில் திரித்தது? தேங்காய் நாரில். நாருக்குள் நெருப்பு சத்தமில்லாமல் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் என்று மூக்கை நெருப்பில் வைத்துக்கொண்டிருந்தும் அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

மூன்று மணி

பிற்பகல் கடல்காற்று எழும்பும். அது பலகை இடுக்கு வழியாகச் சந்துக்குள் போயிருக்கிறது.

பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மா கஞ்சி கொடுத்திருக்கிறார்கள். அதைக் குடித்துவிட்டு அக்கா குழந்தையைக் கட்டிக்கொண்டு தரையில் படுத்தார். ஓவர்சியர் உள்ளே போகலாம் என்று சொன்ன வீடு, பயம் எதற்கு? வெயில் படாத சுவர் என்று வடக்குச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். நாங்கள் தொட்ட சூடு நெஞ்சு உயரத்தில், தரையோரம் அவருக்குத் தெரியவில்லை. பலகை மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் பற்றியது. குழந்தையைச் சன்னல் வழியாக அந்த அம்மாவின் கையில் எறிந்துவிட்டு வெளியே விழுந்தார்.

நான் அப்போது பஜாரில் கம்பத்தின் மேல் இருந்தேன். மலையில் புகை தெரிந்தது. எந்த வீடு என்று யாரும் சொல்லத் தேவையில்லை. போய்ச் சேர்ந்தபோது கூரைத் தகரம் உள்ளே விழுந்திருந்தது. குழாயில் தண்ணீர் இல்லை. டிரம்மில் தண்ணீர் இருக்குமே என்று ஒருவன் ஓடினான். காலையிலிருந்து ஊசித் துளை வழியாக ஒழுகி டிரம் காலியாக இருந்தது.

ஸ்டவ் வெடித்தால் முகம் வேகும், மார்பு வேகும், கை வேகும். செல்லக்கனி அக்காவுக்கு வெந்தது முதுகு. ரிப்போர்ட் எழுதிய மனிதர் அதையும் பார்க்கவில்லை.

என் கையெழுத்து

மறுநாள் ஆபீஸில் கூப்பிட்டார்கள். மேஜையில் ரிப்போர்ட் தயாராக இருந்தது. தீ விபத்துக்குக் காரணம்: மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்தது.

யோசித்துத்தான் எழுதியிருந்தார். ஏரியல் என்று எழுதினால், அதைக் கட்ட விட்டது யார் என்று கேள்வி வரும். இடி என்று எழுதினால், காலையில் போய்ப் பார்த்தது யார் என்று கேள்வி வரும். ஸ்டவ் என்று எழுதினால் கேள்வியே வராது. ஒரு பெண், ஒரு ஸ்டவ். உலகமே நம்பும்.

“அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க” என்றார் ராஜமாணிக்கம்.

சுப்பையா தரையைப் பார்த்துக்கொண்டு, “ஸ்டவ்தான் சார். அவளுக்கு எப்பவுமே கவனம் பத்தாது” என்றார். ஏரியல் வெளியே வந்தால் குவார்ட்டர்ஸ் போய்விடும், வேலையும் போகலாம். பெண்டாட்டி பெயர் போனால் ஒன்றும் போகாது. கிளார்க் அல்லவா, சரியாகக் கணக்குப் போட்டார்.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். எத்வாவின் கட்டைவிரலில் மை தடவினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். சொன்னார்கள். “ஸ்டவ் தோ வஹாங் தா ஹீ நஹீ” என்றான். ஸ்டவ்தான் அங்கே இல்லவே இல்லையே என்றான். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அடுத்த வாரமே அவனை வடக்கே மாயாபந்தருக்கு அனுப்பினார்கள். பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை.

“நீ?” என்றார் ராஜமாணிக்கம். “அடுத்த லிஸ்ட்ல உன் பேரு இருக்கு. பெர்மனென்ட். அத யோசிச்சுக்கோ.”

யோசித்தேன். கையெழுத்துப் போட்டேன். ஸ்டவ் என் வாசலில் இருக்கும்போது, அது வெடித்தது என்று கையெழுத்துப் போட்டேன். எத்வாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். அதுதான் வித்தியாசம்.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அக்கா என் வாசலில் வந்து நின்றார். முதுகில் கட்டு, அதன் மேல் ஒரு சேலையைச் சும்மா போர்த்தியிருந்தார். ஸ்டவ் அதே இடத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

“இந்த ஸ்டவ்தான் வெடிச்சிச்சின்னு கையெழுத்துப் போட்டியளாமே தம்பி?”

 “எடுத்துட்டுப் போங்கக்கா” என்றேன்.

“வெடிச்சுப்போன ஸ்டவ்வ நான் எங்க கொண்டு போக? நீங்களே வச்சுக்கிடுங்க.”

அடுத்த கப்பலில் சுப்பையா அவரையும் குழந்தையையும் ஊருக்கு அனுப்பிவிட்டார். வீட்டைக் கொளுத்தினவள் என்ற பெயரோடு அனுப்பினார். மூன்று வருஷம் கழித்துத்தான் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். வந்த பிறகும் பெயர் போகவில்லை. கல்யாண வீடு, காதுகுத்து வீடு, எங்கே போனாலும் பெண்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்: “ஸ்டவ்வக்கா, நீங்க அடுப்புப் பக்கம் மட்டும் வந்துராதீங்க.” நூறு பேருக்குத் தனி ஆளாகச் சமைக்கத் தெரிந்த பெண்ணை வெற்றிலைத் தட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அங்கே நானும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அப்போது பெர்மனென்ட் ஆகியிருந்தது.

வலது காது

போன இதழ் வந்த மறுநாள், அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு சாத்தாமில் ஃபெர்ரி ஏறினேன். அக்கா அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். சுப்பையா போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை அவர் வாயிலிருந்து அந்த உண்மை வரவில்லை.

படிக்க ஆரம்பித்தேன். “இந்தப் பக்கம் வந்து படிங்க தம்பி” என்றார். இடது காது அன்றைக்குப் போனது, திரும்பவேயில்லை. வலது பக்கம் உட்கார்ந்து முழுதும் படித்தேன். “வீட்டுக்காரப் பெண்ணின் அசட்டையால்” என்ற இடம் வந்ததும், கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது.

“இத அவரு இப்ப எழுதுனாரா, அப்ப எழுதுனதா?”

“இப்பக்கா. போன வாரம்.”

“இம்புட்டு வருசம் கழிச்சுமா?” என்றார். பிறகு சிரித்தார். “ஓட்டல் சாப்பாடுன்னு சிரிச்சாரே, அந்த மனுசன்தானே?”

நான் கையெழுத்துப் போட்டதை எழுதப் போகிறேன் என்று சொன்னேன். என் பெயரோடு எழுதுகிறேன், போதுமா என்று கேட்டேன்.

“எழுதுங்க. எழுத வேண்டியதுதான். ஆனா நீங்க சொன்னா யாரு நம்புவா? அன்னைக்கும் அவருதான் ஆபீசர், நீங்க வயர்மேன். இன்னைக்கும் அப்படித்தான். அவரு வாயால வரட்டும். எந்தப் புத்தகத்துல எழுதுனாரோ அதுலயே வரட்டும். எம் பேத்தி அதப் படிக்கணும்.”

கீரையை மறுபடி ஆயத் தொடங்கினார். நான் திரும்பும் ஃபெர்ரியைப் பிடித்தேன்.

என் பங்கை எழுதிவிட்டேன். நான் பொய்ச் சாட்சி. பயந்து போட்ட கையெழுத்து அது, வேலைக்காகப் போட்ட கையெழுத்து. அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று இங்கே எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

இனி உங்கள் முறை, ஓவர்சியர் ராஜமாணிக்கம் அவர்களே. அந்தப் பித்தளை ஸ்டவ் கராச்சர்மாவில் என் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. வயிற்றில் ஒரு நசுங்கல் கிடையாது. ‘செ.கனி’ என்ற எழுத்து இன்றும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. எண்ணெய் ஊற்றிக் காற்றடித்தால் எரியும், நேற்றுக்கூட எரித்துப் பார்த்தேன். ரிப்போர்ட் இருக்கிறது என்கிறீர்கள். ரிப்போர்ட் உங்களிடம் இருக்கட்டும், ஸ்டவ் என்னிடம் இருக்கிறது. எனக்குத் தனியாகக் கடிதம் போடாதீர்கள், வாங்க மாட்டேன். ஒரு பெண்ணை ஊரறிய அசட்டை என்று எழுதினீர்கள். அதே ஊர் பார்க்க, இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்: அன்று அந்த வீட்டில் எந்த ஸ்டவ் வெடித்தது?